இலக்க விதித் தொடர்வரிசைகள்: வடிகட்டுவதா, கட்டுவதா, எண்ணி எடுப்பதா?

அடிமானம் 3-இல், அதாவது 0, 1, 2 என்ற மூன்று இலக்கங்களை மட்டும் கொண்டு, எழுதினால் 2 என்ற இலக்கமே வராத எண்களை எடுத்துக்கொள்வோம்: 0, 1, 3, 4, 9, 10, 12, 13, 27, 28, 30, 31, 36... முதல் இருபதைத் தாளிலேயே போட்டுவிடலாம். முதல் 0-வைச் சுழியாம் உறுப்பு என்று வைத்து எண்ணினால் ஆயிரமாம் உறுப்பு 29,430. பத்து லட்சமாம் உறுப்பு 1,72,66,72,221. ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக்கொண்டு போகிறவர் அந்த ஒரே உறுப்பை எட்ட 172 கோடி எண்களைத் தாண்ட வேண்டும். விநாடிக்குப் பத்து லட்சம் எண் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் ஏறக்குறைய 29 நிமிடம் ஆகும். எண்ணைக் கட்டத் தெரிந்தவர் 3-இன் ஏழு அடுக்குகளைக் கூட்டி அதே விடையைக் கையாலேயே எழுதிவிடுவார்.

மும்பை வட்டாரத்தில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் டோம்பிவிலியிலும் பள்ளித் திட்டப்பணிக்காகவோ கணித ஒலிம்பியாட் பயிற்சிக்காகவோ இப்படி இலக்கங்களின் மேல் விதி வைத்த தொடர்வரிசைகளை எடுக்கும் தமிழ் மாணவர்களும், அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களும் முதலில் தடுமாறுவது வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான். விதி கிடைத்தவுடன் நிரல் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்த எண்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன? நமக்கு வேண்டியது முதல் சில நூறு உறுப்புகளா, தொலைவில் உள்ள ஓர் உறுப்பா, ஓர் எல்லைக்குள் எத்தனை என்ற எண்ணிக்கையா? இந்த இரண்டும் தெரிந்தால் வழி தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் அடர்த்தி

அடர்த்தியை மனக்கணக்காகவே பார்த்துவிடலாம். 0 உட்பட இத்தனை இலக்கங்கள்தான் வரலாம் என்பது மட்டுமே விதியானால், அனுமதித்த இலக்கங்களின் எண்ணிக்கையை அடிமானத்தால் வகுத்து, எத்தனை இடங்களோ அத்தனை முறை தன்னால் தானே பெருக்க வேண்டும். மேலே சொன்ன வரிசையில் அது 2/3. இருபது இடங்களுக்கு (2/3)²⁰, அதாவது பத்தாயிரத்துக்கு மூன்று எண்கள்.

2²⁰, அதாவது 10,48,576-க்குக் கீழே மற்ற வரிசைகள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். இரும வடிவில் (அடிமானம் 2-இல்) 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும் எண்கள் (0, 3, 5, 6, 9, 10, 12, 15...) சரிபாதி. இரும வடிவில் இரண்டு 1 அடுத்தடுத்து வராத எண்கள் (0, 1, 2, 4, 5, 8, 9, 10, 16...) 17,711, நூற்றுக்கு 1.7. இரும மாலைமாற்று எண்கள், அதாவது முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருபவை, 0-வையும் சேர்த்து 2,047, ஆயிரத்துக்கு இரண்டு.

சரிபாதி இருக்கும் வரிசைக்கு வடிகட்டலே போதும். ஆயிரத்துக்கு இரண்டு என்னும் வரிசையில் வடிகட்டினால் 500 முறை சோதித்து ஒன்றைப் பெறுவோம். எண்கள் பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

வடிகட்டல்

செய்முறை எளிது. எண்ணை அடிமானத்தால் வகுத்து மீதியை எடுத்துவைக்க வேண்டும். ஈவை மறுபடி வகுக்க வேண்டும். ஈவு 0 ஆகும்வரை இப்படியே. கிடைத்த மீதிகள்தான் இலக்கங்கள். அவை விதிக்குப் பொருந்தினால் அந்த எண் வரிசையில் சேரும்.

இதில் நடக்கும் தவறுகள் எப்போதும் இவைதாம். இலக்கங்கள் ஒன்றாம் இடத்திலிருந்து தொடங்கித் தலைகீழாக வரும். "முதல் இலக்கம் 1" என்ற விதியைச் சோதிப்பவர் கடைசி இலக்கத்தைச் சோதித்துக்கொண்டிருப்பார். 0-வைக் கொடுத்தால் சுற்று ஒருமுறைகூட ஓடாது, இலக்கப் பட்டியல் காலியாகத் திரும்பும். அதனால் ஓர் இலக்கம் வரக் கூடாது என்னும் எந்த விதிக்கும் 0 பொருந்துவதாகத் தோன்றும். பைத்தான் நிரல்மொழியில் எண்ணை இரும வடிவாக்கும் bin கட்டளை தரும் எழுத்துச் சரத்தில் முன்னொட்டாக 0b என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவற்றை வெட்டாமல் மாலைமாற்றைச் சோதித்தால் 0-வைத் தவிர ஓர் எண்கூடத் தேறாது. 10-க்கு மேற்பட்ட அடிமானத்தில் இலக்கங்களைச் சரமாக ஒட்டுவது ஆபத்து: 12 என்ற ஒற்றை இலக்கமும், 1, 2 என்ற இரண்டு இலக்கங்களும் ஒன்றுபோலவே தெரியும். இலக்கங்களைப் பட்டியலாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடர்த்தி குறைவு என்பதற்காக வடிகட்டலை உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். சோதனை மலிவாக இருந்தால் அது தாக்குப்பிடிக்கும். அடுத்தடுத்த 1 இல்லை என்பதைச் சோதிக்க இலக்கங்களைப் பிரிக்கவே தேவையில்லை. எண்ணையும் அதை ஓரிடம் வலப்பக்கம் தள்ளியதையும் பிட்வாரியாக "அண்ட்" செய்து (இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 எழுதி) 0 வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. பத்து லட்சம் வரை இப்படி வடிகட்டுவது சாதாரணக் கைபேசிக்குக்கூடச் சுமையில்லை.

வடிகட்டலுக்கு இன்னொரு நிரந்தர வேலையும் உண்டு. மற்ற எந்த வழியில் பட்டியல் எடுத்தாலும், முதல் சில நூறு உறுப்புகளை வடிகட்டி எடுத்து ஒப்பிட வேண்டும். விதியை அப்படியே எழுதிச் சோதிக்கும் வழி என்பதால் தவறு ஒளிந்துகொள்ள இதில் இடம் குறைவு.

கட்டுதல்

விதிக்குப் பொருந்தும் எண்களை மட்டும் இலக்கம் இலக்கமாகக் கட்டுவது இந்த வழி. 2 வராத அடிமானம் 3 வரிசைக்கு இது மிக அழகாக அமைகிறது: உறுப்பின் வரிசை எண்ணை இரும வடிவில் எழுதி, அதே இலக்கங்களை அடிமானம் 3-இல் எழுதியதாகப் படிக்க வேண்டும். 1000-இன் இரும வடிவம் 1111101000. அதை அடிமானம் 3-ஆகப் படித்தால் 19683 + 6561 + 2187 + 729 + 243 + 27 = 29,430. பைத்தானில் இது ஒரே வரி. ஆனால் அதற்கான int கட்டளை 2 முதல் 36 வரையுள்ள அடிமானங்களை மட்டுமே ஏற்கும். அதற்கு மேல் போனால் பெருக்கிக் கூட்டும் சுற்றை நாமே எழுத வேண்டும்.

அனுமதித்த இலக்கங்கள் வேறாக இருந்தாலும் இதே முறைதான். 0, 2 மட்டும் என்றால் ஒவ்வொரு 1-ஐயும் 2 ஆக்க வேண்டும்: 0, 2, 6, 8, 18, 20, 24, 26. சிறிய இலக்கத்துக்குச் சிறியது, பெரியதற்குப் பெரியது என்று மாற்றும்வரை ஏறுவரிசை குலையாது.

இது உடையும் இடம் ஒன்றுண்டு. 0 அனுமதிக்கப்படாத வரிசை அது. அடிமானம் 3-இல் 1, 2 இலக்கங்கள் மட்டும் கொண்ட எண்கள் 1, 2, 4, 5, 7, 8, 13, 14 என்று போகும். வரிசை எண்ணின் இரும வடிவில் 0-வை 1 என்றும் 1-ஐ 2 என்றும் மாற்றினால், தலைப்பில் வரும் இலக்கம் எப்போதும் 2 ஆகி, 1-இல் தொடங்கும் உறுப்புகள் எல்லாம் விடுபட்டுப்போகும். சாதாரண இரும வடிவில் முதல் இலக்கம் 0 ஆக முடியாததே காரணம். இங்கே நீளவாரியாகப் போக வேண்டும்: ஓரிலக்க எண்கள் 2, ஈரிலக்க எண்கள் 4, மூவிலக்க எண்கள் 8.

ஒரு இலக்கம் முந்தைய இலக்கத்தைப் பொறுத்தது என்றால், முதலில் போட்டதை முதலில் எடுக்கும் வரிசைக்கிடங்கு முறை நல்லது. அடுத்தடுத்த 1 இல்லாத எண்களுக்கு 1-ஐக் கிடங்கில் போட்டுத் தொடங்குங்கள். முன்னால் இருப்பதை எடுத்து எழுதுங்கள். அதன் இருமடங்கைக் கிடங்கின் பின்னால் சேருங்கள். எடுத்த எண் இரட்டைப்படையானால் இருமடங்கோடு 1 கூட்டியதையும் சேருங்கள். 1-இலிருந்து 2, 2-இலிருந்து 4, 5, 4-இலிருந்து 8, 9, 5-இலிருந்து 10 மட்டும். தனியாக வரிசைப்படுத்தத் தேவையே இல்லாமல் எண்கள் ஏறுவரிசையில் வந்துகொண்டே இருக்கும். 0-வைக் கிடங்கில் போட்டுத் தொடங்கக் கூடாது: அதன் இருமடங்கும் 0 என்பதால் 0 திரும்பத் திரும்பக் கிடங்கில் சேர்ந்துகொண்டே இருக்கும். 0-வைத் தனியே எழுதிவிட்டு 1-இலிருந்து தொடங்க வேண்டும்.

மாலைமாற்று எண்களைப் பாதி எழுதிப் பிரதிபலித்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு பாதிக்கும் ஒற்றை நீள எண்ணையும் இரட்டை நீள எண்ணையும் உடனுக்குடன் எழுதிவிடுவது இங்கே பரவலான பிழை. பாதி 1 என்றால் 1, 11. பாதி 10 என்றால் 101, 1001. பாதி 11 என்றால் 111, 1111. பதின்மத்தில் இது 1, 3, 5, 9, 7, 15 என்று வருகிறது. 7-க்கு முன்னால் 9. ஒரு நீளத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த நீளத்துக்குப் போக வேண்டும்.

எத்தனை உறுப்பு வேண்டுமோ அத்தனையை மட்டும் செய்வதுதான் கட்டுதலின் பலம். ஐயாயிரம், பத்தாயிரம் உறுப்புகள் கொண்ட பட்டியலுக்கு என் முதல் தேர்வு இதுவே. ஆனால் "10¹⁸-க்குள் எத்தனை?" என்று கேட்டால் இதுவும் திணறும். அத்தனை உறுப்புகளையும் கட்டி முடித்தால்தானே எண்ண முடியும்.

எண்ணி எடுத்தல்

உறுப்புகளை உருவாக்காமலே எண்ணுவது மூன்றாவது வழி. இலக்கங்களை இடமிருந்து வலமாகப் படித்துவரும்போது நினைவில் வைக்க வேண்டியது என்ன என்பதை ஒரு நிலை அட்டவணையாக்க வேண்டும். அடுத்தடுத்த 1 இல்லை என்னும் விதிக்கு நிலைகள் இரண்டே: கடைசியாகப் படித்தது 0, கடைசியாகப் படித்தது 1. இதிலிருந்து, வலப்புறம் காலியாக உள்ள இடங்களை எத்தனை விதமாக நிரப்பலாம் என்ற கணக்கு ஃபிபனாச்சி எண்களாக வருகிறது. இடமே இல்லை என்றால் 1, ஓரிடம் 2, பிறகு வரிசையாக 3, 5, 8, 13, 21, 34, 55, ஒன்பது இடங்களுக்கு 89.

600-க்குக் கீழே எத்தனை என்று பார்ப்போம். 600-இன் இரும வடிவம் 1001011000. இடமிருந்து ஒவ்வொரு 1-ஐயும் தொட்டு, "இது 0 ஆக இருந்தால்?" என்று கேட்க வேண்டும். முதல் 1-ஐ 0 ஆக்கினால் வலப்புறம் 9 இடங்கள்: 89. அதை 1-ஆகவே விட்டுவிட்டு அடுத்த 1-ஐ 0 ஆக்கினால் 6 இடங்கள்: 21. அடுத்தது, 4 இடங்கள்: 8. அடுத்தது, 3 இடங்கள்: 5. இதையும் 1-ஆகவே விட்டால் இரண்டு 1 சேர்ந்துவிடுகின்றன. அங்கே நிறுத்த வேண்டும். மொத்தம் 89 + 21 + 8 + 5 = 123.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் உறுப்பே கிடைக்கும். 123-ஐ அடுத்தடுத்து வராத ஃபிபனாச்சி எண்களின் கூட்டலாக எழுதினால் 89 + 34. ஒவ்வோர் எண்ணையும் இப்படி ஒரே விதத்தில்தான் எழுத முடியும் என்பது செக்கெண்டார்ஃபின் தேற்றம். 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89 என்ற வரிசையில் 34 எட்டாவது, 89 பத்தாவது. இரும இடங்களிலும் வலமிருந்து எட்டாவது 128, பத்தாவது 512. ஆக 123-ஆம் உறுப்பு 640. 600-க்குக் கீழே 0-வாம் உறுப்பு முதல் 122-ஆம் உறுப்பு வரை 123 உறுப்புகள் இருப்பதால், 640-தான் 600-ஐத் தாண்டிய முதல் உறுப்பு. எண்ணிக்கையும் உறுப்பும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும் இந்த இடம் வகுப்பில் கரும்பலகையில் நிதானமாகப் போட்டுக்காட்ட வேண்டியது. நிரல் தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் முழுதாகப் புரியும்.

குறிப்பிட்ட ஒரு துண்டு இலக்கங்களுக்குள் வர வேண்டும் என்ற விதிக்கும் இந்த வழியே சிறந்தது. நான்கு இலக்கத் துண்டு என்றால் ஐந்து நிலைகள். ஆனால் அட்டவணையை எழுதும்போது பெரும்பாலானோர் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. இரும வடிவில் 1011 வரும் எண்களைத் தேடுகிறோம். 101 வரை பொருந்திவிட்டது, அடுத்து 0 வருகிறது. பொருத்தம் கெட்டது என்று தொடக்க நிலைக்குத் திரும்பினால் தவறு. கடைசி இரண்டு இலக்கங்களான 10 இன்னும் துண்டின் தொடக்கத்தோடு பொருந்துவதால் இரண்டாம் நிலைக்குத்தான் போக வேண்டும். தொடக்கத்துக்குத் திரும்பும் அட்டவணை 43-ஐத் தவறவிடும், ஏனெனில் அதன் வடிவம் 101011. பட்டியலில் 43 இருக்கிறதா என்று பார்ப்பதே இந்தப் பிழையைப் பிடிக்கும் எளிய சோதனை.

மற்ற பிழைகள் எல்லைகளில் வருபவை. "600-க்குக் கீழே" என்பதும் "600 வரை" என்பதும் வேறு. 0-வைச் சேர்த்தோமா என்பதை முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். 0 கூடாது என்ற விதியில், எண் இன்னும் தொடங்கவில்லை என்பதற்குத் தனி நிலை ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் வெற்று 0-க்களையும் கணக்கு இலக்கமாக எடுத்துக்கொள்ளும்.

மாலைமாற்றுக்கு இந்த அட்டவணை உதவாது. முதல் பாதி முழுவதையும் நினைவில் வைக்க வேண்டும் என்பதால் நிலைகளின் எண்ணிக்கைக்கு எல்லையே இல்லை. அங்கே கட்டுதலோடு நின்றுகொள்வது நல்லது.

கப்ரேகரின் எண்களுக்கு வேறு கணக்கு

இலக்கங்களைக் கூட்டி உருவாகும் வரிசைகள் தனி ரகம். தஹானுவில் 1905-இல் பிறந்து, நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் இந்தத் துறைக்கு அள்ளிக் கொடுத்தவர். தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்ணுக்கு ஹர்ஷத் எண் என்று பெயரிட்டவர் அவர். இரும அடிமானத்தில் அவை 1, 2, 4, 6, 8, 10, 12, 16, 18, 20, 21, 24 என்று போகின்றன. 12 எட்டாம் அடிமானத்தைத் தவிர மற்ற எல்லா அடிமானங்களிலும் ஹர்ஷத். எட்டில் அது 14, கூட்டுத்தொகை 5, 12-ஐ 5 வகுக்காது.

ஹர்ஷத் எண்களின் பட்டியலுக்கு வடிகட்டலே சரி. கட்டுவதற்கான வாய்ப்பாடு இல்லை, அடர்த்தியும் அப்படியொன்றும் குறைவில்லை. எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் நிலை அட்டவணையில் ஒரு உபாயம் தேவை: கூட்டுத்தொகையை முன்கூட்டியே ஒரு மதிப்பாக நிறுத்திக்கொண்டு, இதுவரை வந்த கூட்டுத்தொகை, அந்த மதிப்பால் வகுத்த மீதி என்ற இரண்டையும் நினைவில் வைத்துப் போக வேண்டும். கூட்டுத்தொகையை நிறுத்தாமல் தொடங்கினால் எதனால் வகுத்த மீதியை வைப்பது என்றே தெரியாது. பலர் கைவிடும் இடம் அதுதான்.

இங்கே அடிமானம் வேலையின் அளவை எப்படி மாற்றுகிறது என்று கவனியுங்கள். பதின்மத்தில் 10¹⁸ வரை போனால் கூட்டுத்தொகை 162 வரை வரலாம். 18 இடங்கள், ஒவ்வோரிடத்திலும் 10 இலக்கங்கள். எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டினால் சுமார் 25.7 கோடிப் படிகள். இருமத்தில் ஏறக்குறைய அதே எல்லையான 2⁶⁰ வரை போனால் கூட்டுத்தொகை 60-ஐத் தாண்டாது. படிகள் சுமார் 89 லட்சம். கைபேசியில் பைத்தான் ஓட்டும் மாணவருக்கு இரண்டாவது கைக்கெட்டும். முதலாவதற்கு சி மொழி போன்ற ஒன்று வேண்டும்.

எந்த எண்ணோடும் அதன் இலக்கக் கூட்டுத்தொகையைக் கூட்டிப் பெற முடியாத எண்கள் கப்ரேகரின் இன்னொரு கொடை. தன் ஊர்ப் பெயரால் தேவ்லாலி எண்கள் என்றார். பதின்மத்தில் 1, 3, 5, 7, 9, 20, 31, 42, 53, 64; இருமத்தில் 1, 4, 6, 13, 15, 18, 21, 23. இவற்றுக்கு மேலே சொன்ன மூன்று வழிகளும் நேரடியாகப் பொருந்தா. அடித்துவிடும் முறையே சரி: எல்லை வரையுள்ள பைட் பட்டியல் ஒன்று எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் அந்த எண்ணோடு கூட்டுத்தொகை சேர்ந்த இடத்தை அடித்துக்கொண்டே போனால், கடைசியில் அடிபடாமல் நிற்பவை தேவ்லாலி எண்கள். ஒரு கோடி வரைக்கும் சுமார் 10 எம்பி நினைவகம் போதும். கூட்டினால் எண் ஏறத்தான் செய்யும்; எனவே எல்லைக்கு அப்பாலிருந்து வந்து யாரும் இடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

ஒரே ஓர் எண்ணைச் சோதிக்க இவ்வளவும் வேண்டாம். ஏழிலக்கப் பதின்ம எண்ணுக்கு முன்னால் 63 எண்களைப் பார்த்தால் போதும். ஓர் எண்ணும் அதன் கூட்டுத்தொகையும் 9-ஆல் வகுத்தால் ஒரே மீதி தருவதால், அந்த 63-லும் ஏழே ஏழுதான் தேறும். இருமத்தில் இந்தச் சலுகை இல்லை.

இரண்டு அடிமானம் சேர்ந்தால்

பதின்மத்திலும் இருமத்திலும் மாலைமாற்றாக வரும் எண்கள்: 1, 3, 5, 7, 9, 33, 99, 313, 585, 717, 7447... 585-இன் இரும வடிவம் 1001001001. இப்படி இரண்டு விதிகள் சேரும்போது அரிதான பக்கத்தைக் கட்டி, மற்றதை வைத்துச் சோதிக்க வேண்டும். பத்து லட்சத்துக்குக் கீழே பதின்ம மாலைமாற்று எண்கள் 0 நீங்கலாக 1,998. இரும மாலைமாற்று 1-இல்தான் தொடங்கும், ஆகவே 1-இல்தான் முடியும். ஒற்றைப்படை எண்கள் மட்டுமே தேறும். எனவே 1, 3, 5, 7, 9 இவற்றில் தொடங்குபவை போதும்: 1,110 சோதனைகள். விடை 19 எண்கள். அவற்றின் கூட்டல் 8,72,187. நிரல் எழுதியவுடன் இந்த இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

2-இன் அடுக்குகளில் அடிமானம் 3-இல் 2 வராதவை எவை என்ற கேள்வியிலும் இதே நெறிதான். 1, 4, 256 மூன்றும் தெரியும். வேறு இல்லை என்பது எர்டோஷின் ஊகம், இன்னும் நிறுவப்படவில்லை. 2-இன் அடுக்குகள்தான் மிக அரிது, ஆகவே அவற்றின் மேல் நடந்து அடிமானம் 3-ஐச் சோதிக்க வேண்டும். முழு எண்ணையும் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி இரண்டு இலக்கங்கள் ஆறு அடுக்குகளுக்கு ஒருமுறை சுழல்கின்றன: 01, 02, 11, 22, 21, 12. இவற்றில் 2 இல்லாதவை இரண்டே. அடுக்கை 6-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 2 வருபவற்றைத் தவிர மற்றவற்றைத் தொடவே வேண்டாம். மூன்று இலக்கம் பார்த்தால் சுழற்சி 18, நான்கு பார்த்தால் 54.

2, 10 அல்லது 2, 3 போன்ற அடிமானங்களுக்கு ஒரே நிலை அட்டவணை தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒன்று மற்றொன்றோடு அடுக்குத் தொடர்பில்லாத இரண்டு அடிமானங்களிலும் நிலை அட்டவணையால் பிடிபடும் வரிசை, ஒரு கட்டத்துக்குப் பிறகு வெறும் கூட்டுத்தொடர்களின் சேர்க்கையாகத்தான் இருக்கும் என்று ஆலன் காபம் (Cobham) என்ற ஆய்வாளர் 1969-இல் நிறுவிவிட்டார். 2, 4, 8, 16 போன்றவை இதற்கு விலக்கு. அடிமானம் 4-இல் 0, 1 மட்டும் வரும் எண்களை இருமத்தில் பார்த்தால், ஒன்றுவிட்டு ஓர் இடத்தில் மட்டும் 1 வருபவையாகத் தெரியும்.

எந்த அடிமானம்?

புதிதாக ஒரு வரிசையை ஆராயத் தேர்ந்தெடுப்பவர் ஒற்றைப்படை அடிமானத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே இலக்கக் கூட்டுத்தொகை எப்போதும் எண்ணைப் போலவே ஒற்றையாகவோ இரட்டையாகவோ இருக்கும். அதனால் "அடிமானம் 3-இல் கூட்டுத்தொகை இரட்டையான எண்கள்" என்று தேடினால் வருவது 0, 2, 4, 6, 8, வேறொன்றுமில்லை. தேவ்லாலி எண்களும் ஒற்றை அடிமானத்தில் பொலிவிழக்கின்றன: எண்ணும் கூட்டுத்தொகையும் சேர்ந்தால் எப்போதும் இரட்டை என்பதால், ஒற்றை எண்கள் அத்தனையும் தேவ்லாலி எண்களாகிவிடும். கூட்டுத்தொகை சார்ந்த விதி என்றால் 2, 4, 6, 10 பக்கம் போவதே மேல்.

அடிமானத்தை மாற்றிப் பார்ப்பதன் முழுப் பயன் தெரிவது டெம்லோ எண்களில். 1, 121, 12321 என்று ஏறி இறங்கும் அந்த எண்களுக்குக் கப்ரேகர் வைத்த பெயர் மும்பை ரயில் தடத்திலுள்ள இன்றைய டோம்பிவிலி நிலையத்தின் பழைய பெயர். வெறும் 1-களால் ஆன எண்ணை வர்க்கப்படுத்தினால் இவை வரும். பதின்மத்தில் ஒன்பது 1 வரை அழகு குலையாது. பத்தாவது 1 சேர்ந்தவுடன் நடு இடத்தில் 10 வந்து, மிகுதி இடப்பக்கம் ஏறி வடிவம் உடைகிறது. அடிமானம் 4-இல் 111-இன் வர்க்கம் 12321: அதாவது 21-இன் வர்க்கம் 441. நான்காவது 1-இல் உடைந்துவிடும். எந்த அடிமானத்திலும் அதைவிட ஒன்று குறைவான எண்ணிக்கை 1-கள் வரைக்கும்தான் தாங்கும். டோம்பிவிலியில் கணிதக் குழு நடத்துபவர்கள் தொடங்க இதைவிடப் பொருத்தமான வரிசை எனக்குத் தெரியவில்லை.

வெறும் 1-களால் ஆன எண்களைப் பல அடிமானங்களிலிருந்தும் திரட்டினால், ஒரே எண் இருமுறை வருவதை நீக்க வேண்டும். குறைந்தது மூன்று 1-கள் என்று வைத்துக்கொண்டால் 31 இருமத்தில் 11111, அடிமானம் 5-இல் 111. 8191 இருமத்தில் பதின்மூன்று 1-கள், அடிமானம் 90-இல் மூன்று. இப்படி இரட்டை வேடம் போடும் எண்களாக இன்றுவரை தெரிந்தவை இவை இரண்டே.

யாருக்கு எது

கணினியின்றி வகுப்பு நடக்கும் இடத்தில் கட்டுதலையே எடுக்கச் சொல்வேன். அடிமானம் 4-இல் 0, 1 மட்டும் கொண்ட 0, 1, 4, 5 ஆகியவற்றைப் பக்கவாட்டிலும், அவற்றின் இருமடங்குகளான 0, 2, 8, 10 ஆகியவற்றை மேலேயும் எழுதி, 16 கட்டங்களில் கூட்டச் சொல்லுங்கள். 0 முதல் 15 வரை ஒவ்வோர் எண்ணும் சரியாக ஒருமுறை வரும். ஒரு கட்டம் தவறினாலும் ஓர் எண் இருமுறை வந்து இன்னொன்று காணாமல் போகும். பிழையை மாணவரே கண்டுபிடித்துவிடுவார். அடுத்த நான்கு உறுப்புகளான 16, 17, 20, 21 சேர்த்தால் 64 கட்டங்கள், 0 முதல் 63 வரை.

கைபேசி மட்டும் உள்ள கல்லூரி மாணவருக்கு வரிசைக்கிடங்கு முறையும், சரிபார்க்க வடிகட்டலும் போதும். மும்பை மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பொறுப்பேற்று நடத்தும் ஒலிம்பியாடுக்குத் தயாராகிறவர் எண்ணி எடுத்தலில் நேரம் செலவிடட்டும். அங்கே கேட்பது எண்ணிக்கையும் நிரூபணமும், நீளமான பட்டியல் இல்லை.

பட்டியலை, கணிதர் நீல் ஸ்லோன் தொடங்கிய முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியத்தோடு (OEIS) ஒப்பிட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் அவசியம். அடிமானம் 3-இல் 2 வராதவை அங்கே ஏ005836. அடுத்தடுத்த 1 இல்லாதவை ஏ003714. அடிமானம் 4-இல் 0, 1 மட்டும் வருபவை ஏ000695. இரும மாலைமாற்று ஏ006995. இரு அடிமான மாலைமாற்று ஏ007632. ஒப்பிடும்போது தொடக்க எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ003714 சுழியிலிருந்து எண்ணப்படுகிறது, ஏ005836 ஒன்றிலிருந்து. இங்கே ஆயிரமாம் உறுப்பு என்று சொன்ன 29,430 அந்தப் பக்கத்தில் 1001-ஆவது இடத்தில் இருக்கும்.